பேச்சிமுத்துவின் முப்பத்தொன்று

தளவாய் அந்த எண்ணை முதலில் பார்த்தபோது ஸ்டுடியோ கம்ப்யூட்டர் திரையில் ஏதோ அழுக்கு என்று நினைத்துச் சட்டை நுனியால் துடைத்தார். போகவில்லை. படத்தின் நடுவில், நாற்காலியில் சாய்த்து உட்கார வைக்கப்பட்டிருந்த பேச்சிமுத்துவின் கன்னத்தை ஒட்டி, பச்சை நிறத்தில், கடுகளவில் 31 என்று இருந்தது.

பேச்சிமுத்து செத்து ஆறு மணி நேரம் ஆகியிருந்தது. படத்தில் மாலையும் கழுத்துமாக இருந்தான். தாடையைக் கட்டிய வெள்ளைத் துணியின் முடிச்சு உச்சந்தலையில் நின்றது. பின்னால் நின்ற அம்மா மாடத்திக்கு 104, தாய்மாமன் ஐயம்பெருமாளுக்கு 91, மற்ற சொந்தக்காரர்கள் நாலு பேருக்கும் எண்பதும் தொண்ணூறுமாக. உயிரோடு இருக்கிறவர்களுக்கு எண் வருவது இந்தக் கேமராவில் அதிசயமில்லை.

இரண்டு மாதத்துக்கு முன்னால் மதுரையில் வாங்கியது அது. கடைக்காரர் அரை மணி நேரம் அதன் வித்தைகளை அடுக்கினார். தொப்பையை உள்ளே தள்ளும், பின்னால் போகிற மாட்டை அழிக்கும், வெயிலே இல்லாத இடத்தில் வெயில் போடும். இதெல்லாம் யாருக்கு வேணும் என்று தளவாய் கேட்டதற்கு, "எல்லாரும் கேக்காங்க சார்" என்றார். அந்த எல்லாரும் யார் என்று அவருக்கும் தெரிந்திருக்காது. வித்தைகளில் கடைசியாக வந்ததுதான் துடிப்பு எண். நெஞ்சு ஒவ்வொரு முறை அடிக்கும்போதும் முகத்துத் தோலின் நிறம் துளியூண்டு மாறுமாம். நம் கண்ணுக்குத் தெரியாது, கேமராவுக்குத் தெரியும். எண்ணிப் பார்த்து முகத்துக்குப் பக்கத்தில் போட்டுவிடும்.

முதல் மாதமே அது தன் வேலையைக் காட்டியது. ஒரு நிச்சயதார்த்தத்தில் பெண்ணுக்கு 126, மாப்பிள்ளைக்கு 68. எங்க பிள்ளையைப் பார்த்து இவருக்கு ஒரு அசைவும் இல்லையே என்று பெண்ணின் அப்பா ஆரம்பிக்க, ஒங்க பொண்ணுக்கு எதுக்கு இப்படி அடிக்குது, மனசுல என்ன இருக்கு என்று மாப்பிள்ளை வீட்டார் கேட்க, பந்தி போட ஒரு மணி நேரம் தாமதமாயிற்று. அன்றோடு எண் கேமராத் திரையில் தெரியாதபடி தளவாய் அணைத்துவிட்டார். ஆனால் கேமரா எண்ணுவதை விடவில்லை. கம்ப்யூட்டரில் படத்தைத் திறந்தால் எண்ணும் கூடவே வந்து நிற்கும். பிரிண்ட் போடும் முன் ஒவ்வொன்றாக அழிப்பார், அழிக்கும்போதெல்லாம் அதைச் செய்தவர்களைத் திட்டுவார்.

திட்டினாலும் அதைப் பொய் என்று அவரால் சொல்ல முடியவில்லை. வாங்கிய வாரத்திலேயே சோதித்துப் பார்த்திருந்தார். எதிர்த்த ஜவுளிக்கடைப் பொம்மையை வாசலில் தனியாக நிறுத்தி எடுத்தார்; எண் வரவேண்டிய இடத்தில் ஒரு சின்னக் கோடு. காலண்டர் முருகனுக்கும் கோடு. தூங்கிக்கொண்டிருந்த மனைவிக்கு 64. எழுந்ததும் அதைப் பார்த்துவிட்டு, "எனக்கும் நெஞ்சுன்னு ஒண்ணு இருக்குன்னு இன்னைக்காவது தெரிஞ்சுதே" என்றாள். பொம்மைக்குக் கோடு, மனுஷருக்கு எண். இதில் மட்டும் கேமரா ஒருமுறைகூடத் தவறவில்லை.

அப்படியானால் பேச்சிமுத்துவுக்குக் கோடுதானே வந்திருக்க வேண்டும்.

அறுவடைக் காவலுக்குக் களத்தில் படுத்திருந்தவனை விடியும் முன் கட்டுவிரியன் கடித்திருந்தது. கடித்ததே தெரியாமல் எழுந்து பல் விளக்கியிருக்கிறான். கண் தானா மூடுது என்றானாம். அப்புறம் நாக்கு குழறி, அப்புறம் மூச்சு இழுத்து, அதோடு சரி. ஒரு கிளினிக்குக்குத் தூக்கிப் போனார்கள். டாக்டர் கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்து, மணிக்கட்டைப் பிடித்துப் பார்த்து, உயிர் போய்விட்டது, பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், போஸ்ட்மார்ட்டம் செய்துதான் தருவார்கள் என்றார். மாடத்தி சம்மதிக்கவில்லை. இருபத்து மூன்று வயது மகனைக் கிழித்து மூட்டையாகக் கட்டித் தருவார்கள் என்று அவள் கேள்விப்பட்டிருந்தாள். வண்டியை வீட்டுக்கே திருப்பிவிட்டார்கள்.

மூத்தவன் சுடலைமணி குவைத்தில் இருக்கிறான். வர வழியில்லை. அவனுக்காகத்தான் இந்தப் படம். அவர்கள் ஊரான நல்லமங்கலத்தில் அது வழக்கம். சாவுக்கு வந்து சேர முடியாதவர்களுக்காக, இறந்தவரைக் குளிப்பாட்டி, மாலை போட்டு, நாற்காலியில் உட்கார வைத்து, வீட்டார் சுற்றி நின்று கடைசியாக ஒரு படம் எடுத்துக்கொள்வார்கள். ஒன்பது மணிக்குத் தளவாய் எடுத்தார். படத்தைச் சுடலைமணிக்கு அனுப்பிவிட்டு கண்ணீர் அஞ்சலி போஸ்டரையும் முடிக்கலாம் என்று ஸ்டுடியோவுக்கு வந்தால் கரண்ட் இல்லை. பன்னிரண்டுக்குத்தான் வந்தது.

கட்டுவிரியன் கடித்தவன் செத்தவன் போலவே கிடப்பான் என்று ஊரில் பேச்சு உண்டு. மூச்சு தெரியாது, கண்மணி அசையாது, ஆனால் சுற்றி நடப்பதெல்லாம் காதில் விழும் என்பார்கள். விஷமுறிவு ஊசியும் மூச்சு மெஷினும் போட்டு எழுந்து வந்தவர்களைப் பற்றியும் தளவாய் கேட்டிருக்கிறார். ஒன்பது மணிக்கு முப்பத்தொன்று. இப்போது பன்னிரண்டேகால். அந்த வீட்டு வழக்கத்தில் எரிப்பதில்லை, புதைப்பார்கள்.

ஐயம்பெருமாளுக்குப் போன் போட்டார். அடித்து அடித்து ஓய்ந்தது. மேளச் சத்தத்தில் யாருக்குக் கேட்கும். கேமராக் கம்பெனி உதவி எண்ணுக்குப் போட்டார். தமிழுக்கு இரண்டை அழுத்தச் சொன்னது, அழுத்தினார். விஷயத்தைச் சொல்லுங்கள், நாங்களே கூப்பிடுகிறோம் என்றது பதிவுக்குரல். "செத்தவனுக்கு முப்பத்தொண்ணு காட்டுது. நெசமா, பொய்யா? உடனே சொல்லுங்க" என்று கத்திவிட்டு, கேமராவைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பைக்கை எடுத்தார்.

தப்பாக இருந்தால் என்ன ஆகும் என்ற எண்ணம் அவருக்கு வராமல் இல்லை. வந்தது. சரியாக இருந்து, தான் சும்மா உட்கார்ந்திருந்தால் என்ன ஆகும் என்பது அதை விழுங்கிவிட்டது.

சுடுகாட்டுக்கு மாடத்தி வீட்டு வழியாகத்தான் போக வேண்டும். அங்கே அவர் நின்றிருக்கக் கூடாது. நின்றார். வாசலில் பெண்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். பாடை எடுத்த இடத்தில் தண்ணீர் தெளித்திருந்தது.

"எப்ப எடுத்தாங்க?"

"அரை மணி ஆச்சே அண்ணாச்சி. ஏன், படம் சரியா விழலையா?" என்று கேட்டது மாடத்திதான். குரலே இல்லை அவளுக்கு, காற்றுதான் வந்தது. அப்படிப்பட்ட நேரத்திலும் அவர் வந்த வேலையை அவள் விசாரித்தது தளவாயை என்னவோ செய்தது. வாயை மூடிக்கொண்டு போயிருக்கலாம். முடியவில்லை.

"தாயி, கேமராவுல அவனுக்குத் துடிப்பு காட்டுது. காலைல எடுத்ததுல. என்னன்னு தெரியல. நான் போய் நிறுத்துதேன்."

அவள் எழுந்த வேகத்தில் பக்கத்தில் இருந்தவளின் வெற்றிலைத் தட்டு கவிழ்ந்தது. "பொம்பளை அங்க போகக் கூடாது மாடத்தி" என்று யாரோ கையைப் பிடித்தார்கள். பிடித்த கையை உதறிவிட்டுப் பைக்கின் பின்னால் ஏறிக்கொண்டாள். தளவாய் இறங்கச் சொல்லாமல் வண்டியைக் கிளப்பினார். வழியெல்லாம் அவருடைய தோளைப் பிடித்துக்கொண்டு ஒன்றையே கேட்டாள்.

"எத்தன காட்டுது?"

"முப்பத்தொண்ணு."

"அது கம்மியா அண்ணாச்சி?"

"கம்மிதான் தாயி."

"கம்மியா இருந்தா என்ன. பெறந்தப்பயும் அவன் எடை கம்மிதான்."

கண்மாய்க்கரை திரும்பும் இடத்தில் ஒரு தட்டைக் கல் உண்டு. பாதி வழியில் பாடையை அங்கே இறக்கி, தலைமாடு கால்மாடு மாற்றி, மறுபடி தூக்குவார்கள். இறக்கிக்கொண்டிருந்தபோது தளவாய் போய்ச் சேர்ந்தார். மேளம் தானாக நின்றது. பைக்கிலிருந்து ஒரு பெண் இறங்கியதைப் பார்த்துத்தான் நின்றது.

"என்ன வே தளவாய், புத்தி கெட்டுப் போச்சா? இவளைக் கூட்டிட்டு எங்க வாரீரு?" என்றார் ஐயம்பெருமாள். சங்கு ஊதுகிறவருக்கு வழி காட்டிக்கொண்டு முன்னால் நின்றிருந்தவர்.

தளவாய் சொன்னார். மூச்சு வாங்கியதில் பாதிதான் வெளியே வந்தது, ஆனால் கட்டுவிரியன் என்ற பேரும் துடிப்பு என்ற சொல்லும் போதுமானதாக இருந்தது. பாடை தூக்கிய நாலு பேரும் கையை எடுத்துவிட்டுத் தள்ளி நின்றார்கள்.

"டாக்டரே பாத்துச் சொன்னாரு வே. ஒம்ம பொட்டி என்ன டாக்டரை விடப் பெருசா?"

"பெருசில்ல அண்ணாச்சி. ஒரு தடவை பாத்துருவோம். அரை மணி நேரம். மண்ணைத் தள்ளிட்டா அப்புறம் எடுக்க முடியாது."

யாரோ நூற்றெட்டுக்குப் போன் செய்தார்கள். மாடத்தி அதற்குள் தாடைக்கட்டை அவிழ்த்திருந்தாள். மாலையைக் கழற்றி எறிந்தாள், மூக்கிலிருந்த பஞ்சை எடுத்தாள், மகனின் தலையைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். "அம்மா வந்துட்டேன் பேச்சி. சத்தம் கேக்குல்லா. கொஞ்சம் பொறுத்துக்கோ, வண்டி வருது" என்று காதில் சொல்லிக்கொண்டே இருந்தாள். அறுக்க விடமாட்டேன் என்று வண்டியைத் திருப்பச் சொன்னது தான்தானே என்பதையும் சொன்னாள். பெரிய ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தால் காலையிலேயே எழுந்து உட்கார்ந்திருப்பாய், அம்மா பாவி என்றாள். நின்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

தளவாய் எண் தெரிகிற வசதியை மறுபடி இயக்கி, கேமராவை அவர்கள் பக்கம் திருப்பினார். பேச்சிமுத்துவுக்கு 79 என்றது. கூட்டம் எட்டிப் பார்த்தது. "ஏறியிருக்குலே" என்று ஒருவன் சொன்னான். மாடத்தி கையை நீட்டிக் கேமராவை வாங்கிக்கொண்டாள். முன்பக்கம் திருப்பி வைக்கிற திரை அது. தன்னையும் மகனையும் அதில் பார்த்தபடியே உட்கார்ந்திருந்தாள். ஐயம்பெருமாள் கண்ணைத் துடைத்துக்கொண்டு, சாமியை ஒவ்வொன்றாகப் பேர் சொல்லிக் கூப்பிட ஆரம்பித்தார். தளவாய்க்கு அந்த நிமிஷம் கேமரா செய்தவன் காலில் விழலாம் போலிருந்தது.

ஆம்புலன்ஸ் இருபது நிமிஷத்தில் வந்தது. நர்ஸ் ஒரு நடுவயதுப் பெண். கேள்வி கேட்காமல் வேலையைப் பார்த்தாள். கழுத்தில் விரல், நெஞ்சில் ஸ்டெத், அப்புறம் கைக்கும் காலுக்கும் நெஞ்சுக்கும் வயர்களை மாட்டி ஈ.சி.ஜி. போட்டாள். காகிதம் நீளமாக வந்தது. அதில் ஒரே ஒரு நேர்க்கோடு. இன்னொரு முறை போட்டாள். அதிலும் அதே. பேச்சிமுத்துவின் கையை மடக்கிப் பார்த்தாள், முழங்கை மடங்கவில்லை.

"விறைச்சுப் போச்சு. காலைலயே போயிட்டாருங்க" என்றாள் ஐயம்பெருமாளிடம், தாழ்ந்த குரலில். "எதுக்கு நிறுத்தினீங்க?"

ஐயம்பெருமாள் தளவாயைப் பார்த்தார். எல்லாரும் பார்த்தார்கள்.

"அந்த மெஷின் சரியில்ல" என்றாள் மாடத்தி, தலை நிமிராமல். "இதுல எம்பத்தாறு காட்டுது. வந்து பாருங்க."

நர்ஸ் வந்து பார்த்தாள். 86 தான். ஈ.சி.ஜி. காகிதத்தை இன்னொரு தரம் எடுத்துப் பார்த்தாள்.

அப்போதுதான் தளவாயின் போன் அடித்தது. சென்னை எண். கம்பெனியிலிருந்து மைதிலி பேசுகிறேன், அந்த எண்ணுக்கான புரோகிராம் எழுதிய குழுவில் இருக்கிறேன் என்றாள். நல்ல பெண் போலிருந்தது, குரலில் பதற்றம் இருந்தது. தளவாய் கண்மாய்க்கரைப் பக்கம் ஒதுங்கினார்.

"சார், நீங்க சொன்ன செய்தியக் கேட்டேன். அந்தப் படத்துல அவர் தனியா இருக்காரா, கூட ஆளுங்க இருக்காங்களா?"

"குடும்பமே இருக்கும்மா. ஆறு பேரு."

"சார், குரூப் போட்டோவுல சில முகத்துக்கு எண் சரியா கிடைக்காது. நிழல் விழும், பவுடர் அப்பியிருப்பாங்க. முதல்ல அந்த மாதிரி முகத்துக்குக் கோடுதான் போட்டோம். ஜனங்க பயந்துட்டாங்க. 'எங்க அம்மாவுக்கு மட்டும் கோடு விழுந்திருக்கு, அபசகுனமா இருக்கு'ன்னு ஒரே புகார். கேமராவையே திருப்பிக் கொடுத்தாங்க. அதனால, கிடைக்கிற துடிப்போட பக்கத்துல இருக்கறவங்க துடிப்பையும் கொஞ்சம் சேர்த்துப் போடற மாதிரி மாத்தினோம். எவ்வளவு கிட்ட இருக்காங்களோ அவ்வளவு சேரும்."

"சேர்த்துன்னா?"

"கடன் மாதிரி சார். எல்லா முகத்துலயும் சொந்தத் துடிப்பு கொஞ்சமாவது இருக்கும், அதுக்கு மேல இத்தனூண்டு சேர்ப்போம், யாருக்கும் வித்தியாசம் தெரியாதுன்னு நினைச்சோம். ஒண்ணுமே இல்லாத முகத்தை நடுவுல வெச்சு யாராவது படம் எடுப்பாங்கன்னு எங்களுக்குத் தோணவே இல்ல."

"எங்க ஊர்ல எடுப்போம்மா" என்றார் தளவாய்.

"சார், அவரை மட்டும் தனியா ஒரு படம் எடுங்க. கோடு வரும். மன்னிச்சிருங்க சார். இன்னைக்கே நான் மேல சொல்றேன்."

ஜவுளிக்கடைப் பொம்மையைத் தனியாக நிறுத்தி எடுத்த கைதான் இப்போது போனைப் பிடித்திருந்தது. பக்கத்தில் ஒரு ஆளை நிறுத்தி எடுத்திருந்தால் அன்றைக்கே தெரிந்திருக்கும். ஒரு தாயை ஒரு மணி நேரம் நம்ப வைத்து, மகனை ஒரே நாளில் இரண்டு முறை சாகடித்துவிட்டோம் என்று அவருக்குப் பட்டது. கண்மாய்க்குள் இறங்கிப் போய்விடலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. திரும்பி நடந்தார்.

மாடத்தி முன்னால் போய்க் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"தாயி, இது பேச்சியோட துடிப்பு இல்ல."

"தொண்ணூறு ஆயிருச்சு அண்ணாச்சி."

"அது ஒன்னோடது தாயி. பக்கத்துல இருக்கவங்களோடத எடுத்து அவனுக்குப் போடுது. நீ கிட்டப் போகப் போக அவனுக்கு ஏறும். ஒனக்குப் படபடன்னு அடிக்குதுல்லா, அதான் அவனுக்கும் அடிக்கிற மாதிரி காட்டுது. கொஞ்சம் தலையை அந்தப் பக்கம் சாய்ச்சுப் பாரு."

அவள் அவரை நம்பவில்லை. ஆனாலும் தலையைக் கொஞ்சம் விலக்கினாள். 90 எழுபத்தைந்தாயிற்று. இன்னும் விலக்கினாள். ஐம்பத்திரண்டு. கேமராவைப் பிடித்த கை நீளுகிற தூரத்துக்கு உடம்பைச் சாய்த்தாள். முப்பத்தாறு. அப்புறம் மெல்ல மெல்லக் குனிந்து, மகனின் கன்னத்தோடு கன்னத்தை வைத்தாள். எண் படியேறி வந்து 97 இல் நின்றது. பக்கத்திலேயே அவளுடைய எண்ணும் இருந்தது, 118.

மூன்று முறை அப்படிச் செய்தாள். மூன்றாம் முறை அவளுக்குப் புரிந்துவிட்டது என்பது தளவாய்க்குத் தெரிந்தது. அழுகை வரும் என்று எதிர்பார்த்தார். வரவில்லை.

"நான் எந்திரிச்சுப் போயிட்டா?" என்று கேட்டாள்.

"கோடு விழும் தாயி."

"வேற யாரும் பக்கத்துல இல்லாட்டா?"

"ஆமா."

அவள் தலையை ஆட்டினாள். மகன் நெஞ்சில் ஒட்டியிருந்த மாலைப் பூ ஒன்றை எடுத்துக் கீழே போட்டாள். கன்னத்தை மறுபடி அவன் கன்னத்தில் வைத்துக்கொண்டாள்.

நர்ஸ் வயர்களைச் சுருட்டிப் பெட்டியில் வைத்தாள், ஐயம்பெருமாளிடம் ஒரு கையெழுத்து வாங்கிக்கொண்டாள். ஆம்புலன்ஸ் போயிற்று. குழி வெட்டியவர்கள் இரண்டு பேர் சுடுகாட்டிலிருந்து என்ன ஆயிற்று என்று பார்க்க வந்து, பார்த்துவிட்டு, துண்டை எடுத்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு நின்றார்கள். வெயில் கல்லைச் சுட ஆரம்பித்திருந்தது.

ஐயம்பெருமாள் தங்கையின் தோளைத் தொட்டார். "மாடத்தி. போதும் தாயி. எடுத்த பொணத்த இப்படி நடுவழியில வச்சிருக்கக் கூடாது. விடு."

அவள் விடவில்லை. இரண்டு பெண்கள் வீட்டிலிருந்து ஓடி வந்திருந்தார்கள், அவர்கள் சொல்லியும் விடவில்லை. கடைசியில் ஐயம்பெருமாள் தளவாயிடம் வந்தார். கோபம் எல்லாம் போய் முகம் தளர்ந்திருந்தது.

"நீருதான ஆரம்பிச்சீரு. அதை வாங்கி அமத்துமய்யா. அது அமந்தாத்தான் இவ எந்திரிப்பா."

நியாயம்தான். தளவாய் குனிந்து மாடத்தியின் கையிலிருந்து கேமராவை எடுத்தார். அவள் தடுக்கவில்லை. திரை மட்டும் தன் பக்கம் இருக்கிறதா என்று பார்த்துக்கொண்டாள். அவருடைய கட்டைவிரல் பொத்தானுக்குப் போயிற்று.

"அமத்தாதீங்க அண்ணாச்சி" என்றாள். கத்தவில்லை, கெஞ்சவும் இல்லை. "எம்பிள்ளைக்கு நான் குடுக்கேன். ஒங்களுக்கு என்ன?"

தளவாய் விரலை எடுத்துவிட்டார். இரண்டு முகமும் திரைக்குள் நிற்கும்படி கேமராவைப் பிடித்துக்கொண்டு அவள் எதிரிலேயே உட்கார்ந்தார்.

ஐயம்பெருமாள் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார். அப்புறம் மேளக்காரர்களை நிழலுக்குப் போகச் சொல்லிவிட்டு, தளவாய் பக்கத்தில் வந்து, காதோரமாக, இன்னும் எவ்வளவு நேரம் வே என்று கேட்டார்.

தளவாய் தலையை நீட்டித் திரையின் மூலையைப் பார்த்தார்.

"பேட்டரி ரெண்டு மணி நேரம் வரும் அண்ணாச்சி" என்றார்.